இரைச்சல் யாருடையது?

ஒலித்தொகுப்பு மென்பொருட்களில் கடந்த சில வருடங்களில் நடந்த பெரிய மாற்றம் இது: எது இரைச்சல் என்று முடிவு செய்கிற வேலை நம் கையிலிருந்து மென்பொருளின் கைக்குப் போய்விட்டது.

ஆடாசிட்டியில் வேலை செய்தவர்களுக்குப் பழைய முறை ஞாபகம் இருக்கும். யாரும் பேசாத ஓரிரு நொடிகளைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல், பாத்துக்கோ' என்று நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த அலைவரிசைகளின் அளவைப் பார்த்து மென்பொருள் மொத்தப் பதிவிலிருந்தும் கழித்துத் தரும். காட்டிக்கொடுப்பவர் நாம் என்பதால் பொறுப்பும் நம்முடையது. அடோபியின் 'என்ஹான்ஸ் ஸ்பீச்', டாவின்சி ரிசால்வின் 'வாய்ஸ் ஐசொலேஷன்' போன்ற இன்றைய கருவிகள் நம்மிடம் அப்படி எதையும் கேட்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இவை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பது எளிமையானதுதான். சுத்தமாகப் பதிவான பேச்சை எடுத்து, அதன்மேல் மின்விசிறி, வாகனம், கூட்டம் என்று பலவிதச் சத்தங்களைக் கலக்கிறார்கள். கலந்ததைக் கொடுத்து, சுத்தமானதைத் திருப்பிக் கேட்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது இயந்திரம் ஒரு பாகுபாட்டைப் படித்துக்கொள்கிறது. அமைதியான அறையில் உட்கார்ந்து பேசினால் அது பேச்சு, மற்றதெல்லாம் இரைச்சல். இது ஒலியியல் விதி அல்ல. யாரோ தொகுத்த தரவில் இருந்த வழக்கம்.

இதனால் கிடைத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. 1970களின் கடைசியில் ஜான் லெனன் வீட்டில் ஒரு கேசட்டில் பதிந்து வைத்த பாட்டை, 1990களில் மற்ற மூவரும் முடிக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். பியானோவும் மின்சார ரீங்காரமும் குரலோடு ஒட்டிக் கிடந்தன. பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்த பிறகு, 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளியானது. அந்தக் கேசட்டில் இருந்த ரீங்காரத்துக்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை.

ஆனால் எல்லாப் பதிவும் லெனனின் கேசட் அல்ல.

சிவகாசி வட்டாரத்தில் வாய்மொழி வரலாறு சேகரிக்கிற நண்பன் ஒருவன் இருக்கிறான். பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே 'பயராபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான். இருபது வருடம் பயராபீஸுக்குப் போய், இப்போது வீட்டுத் திண்ணையில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற ஒரு அக்காவிடம் அவன் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருந்தான். கையை நிறுத்தாமல் பேசியிருக்கிறார். கம்பியில் காகிதம் சுற்றுகிற சரசரப்பும் பலகையில் உருளும் சத்தமும் பதிவு முழுக்க இருந்தன. நடுநடுவே இருமல், இழுக்கிற மூச்சு. பதிவை ஒரு பொத்தான் கருவியில் போட்டுப் பார்த்தான். வானொலி அறிவிப்பாளர் போலக் குரல் பளிச்சென்று வந்தது. பலகையைக் காணோம், இருமலைக் காணோம்.

நண்பனுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மூச்சுதான் சாட்சி என்பது அவன் கட்சி. வேலை உடம்பை என்ன செய்தது என்று ஆயிரம் வார்த்தை சொல்லாததை ஒரு இருமல் சொல்லும். அதை அழிப்பது வரலாற்றை அழிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எதற்கும் அவரிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு வடிவங்களையும் போட்டுக் காட்டப் போனோம்.

முதலில் மூலப் பதிவு. "எனக்கு இவ்வளவு இழுக்குதா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத எடுத்துருங்க. மகளுக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம். சீக்குக்காரி வீடுன்னு பேராயிரும்" என்றார்.

அடுத்து சுத்தமான வடிவம். அவர் முகம் மாறியது. "இது என்ன, நான் வேலவெட்டி இல்லாம ஒக்காந்து கத பேசுன மாதிரில்ல இருக்கு? பலகைச் சத்தம் எங்க?"

இயந்திரத்துக்கு இரண்டுமே இரைச்சல், நண்பனுக்கு இரண்டுமே சாட்சி. அவருக்கோ ஒன்று அந்தரங்கம், இன்னொன்று மரியாதை. இரைச்சல் என்பது ஒலியின் குணம் இல்லை, அது ஒரு உறவு என்று தத்துவமாகச் சொல்லிவிடலாம். ஆனால் உறவு என்றால், யாருக்கும் யாருக்குமான உறவு என்ற கேள்வி வருகிறது. அந்த இடத்தில்தான் இது ரசனைப் பிரச்சினையாக இல்லாமல் அறப் பிரச்சினையாகிறது.

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று பட்டாசுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை வந்தது. ஒருவரின் கொண்டாட்டம், இன்னொருவரின் இரைச்சல், மூன்றாமவரின் கூலி. எல்லாம் ஒரே சத்தம். அந்த வழக்கிலாவது பல தரப்பும் வாதாடின, ஒரு நீதிபதி காரணம் எழுதினார். மென்பொருளின் தீர்ப்புக்குக் காரணம் எழுதப்படுவதில்லை, மேல்முறையீடும் இல்லை.

மாஸ்டரிங் கட்டத்திலும் இதுதான். தானியங்கிக் கருவிகள் பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தி, ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. பஸ்ஸில் இயர்போனில் கேட்பவருக்கு வசதிதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அக்காவின் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பாக இறங்குகிறது. சமப்படுத்திய வடிவத்தில் அந்தப் பகுதியும் குழாய்க்கான கூலிக் கணக்கும் ஒரே உரப்பில் ஒலித்தன. ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் அவர் தாழ்த்திச் சொன்னதை மென்பொருள் உரக்கச் சொல்லிவிட்டது.

'அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடலாமே' என்று தோன்றலாம். அதுவும் சரியான பதில் இல்லை. வசதியானவர்களின் பேச்சு எப்போதும் ஸ்டுடியோத் தெளிவோடு வருகிறது. ஏழைகளின் பேச்சு மட்டும் கரகரப்போடு வந்தால்தான் அசல் என்று நினைப்பது ஒருவித வறுமை ரசனை. புரியும்படி கேட்கப்படுவது அவருடைய உரிமை. பத்து நொடியில் தள்ளிவிட்டுப் போகும் காதுகளுக்கு அவர் பேச்சு போய்ச் சேர வேண்டுமானால் கொஞ்சம் துடைக்கத்தான் வேண்டும்.

என் பதில் இதுதான்: துடைப்பதா வேண்டாமா என்பதைவிட, துடைக்கும் முன் யாரிடம் கேட்டோம் என்பதே முக்கியம். 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவு வழியாக ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அது சரியா தவறா என்று இன்னும் விவாதிக்கலாம், ஆனால் கேட்டிருக்கிறார். பேர் உள்ள குரலுக்கு உரிமையாளர் உண்டு என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. திண்ணையில் பேசியவர் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நண்பனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 'அவங்க பயத்துக்காக உண்மைய வெட்டுறோம்' என்றான். வெட்டுகிறோம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர் இல்லையே. அதற்கான விலையை மட்டும் அவர் மகள் ஏன் கொடுக்க வேண்டும்? வெளியான வடிவத்தில் பலகைச் சத்தம் இருக்கிறது, இருமல் இல்லை. பேசியவரின் விருப்பப்படி சில ஒலிகள் நீக்கப்பட்டன என்று ஒரு வரியும் உண்டு. மூலப் பதிவு பத்திரமாக இருக்கிறது. அவர் சொல்லாமல் அது வெளியே போகாது.

இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கத்தில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு உண்டு. ஐசோடோப் ஆர்எக்ஸிலும் நீக்கியதை மட்டும் கேட்க வசதி இருக்கிறது. அது இல்லாத கருவி என்றால், மூலத்தைத் தலைகீழாக்கி, சுத்தமானதோடு சேர்த்துப் பாருங்கள். மிஞ்சுவது ஓரளவுக்கு எச்சம்தான். அதில் மனிதக் குரல் தெளிவாகக் கேட்டால், கருவி இரைச்சலை மட்டும் எடுக்கவில்லை, குரலையே மாற்றி எழுதியிருக்கக்கூடும். பதிவை வெளியிடுவதற்கு முன் அந்த எச்சத்தை ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். முடிந்தால் பேசியவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.