தொட்டிலின் அருகே நின்றவள்

பல்லாண்டுகளுக்கு முன், சேலத்தை அடுத்த ஒரு கிளைப்பங்கில் திருப்பலியை முடித்துப் புறப்படும் வேளையில் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். அன்றைய மறையுரையில் அரசின் தொட்டில் திட்டத்தைப் பாராட்டிப் பேசியிருந்தேன். "சாமி, தொட்டில் வச்சாங்க, நல்லதுதான். புள்ளைய அதுல போட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்புறவளுக்கு என்ன வச்சாங்க?" என்று கேட்டார். குருமடத்தில் நான் கற்ற அறநெறி இறையியல் எதுவும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை. அக்கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டும் கொடுமையைத் தடுக்க, 1992-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. 'கொல்லாதீர்கள், எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்' என்பதே திட்டத்தின் சாரம். 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் இன்று எங்கெங்கோ தாயாராய், ஆசிரியையாய் வாழ்கிறார்கள். இதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம்மைத் திடுக்கிட வைத்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 சிறுவர்களுக்குத் தமிழகத்தில் 942 சிறுமியர் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 851 பேரே. தொட்டில் வைத்து ஒன்பது ஆண்டுகள் ஆன பின்னும் இந்நிலை! கருவிலேயே பாலினம் அறிவதைத் தடைசெய்து 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னும் ஸ்கேன் கருவி இரகசியமாய்த் தன் வேலையைச் செய்தது. அந்தக் கருவியை நாடியவர்கள் ஏழைகள் மட்டுமல்லர். தோட்டமும் கிணறும் லாரியும் உடையவர்களும்தாம். இரவில் கண்ணீரோடு வரும் ஏழைத் தாய் ஒருத்தியை மனத்தில் கொண்டு தொட்டில் வைக்கப்பட்டது. முடிவெடுத்தவர்களோ கணவன், மாமியார், வரதட்சணைக்கு அஞ்சிய குடும்பம். அவர்கள் எவரும் தொட்டிலருகே வரவில்லை.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது. தொட்டில் நிரம்பினால் அது வெற்றியா, தோல்வியா? உயிர் காக்கப்பட்டது என்பார் ஒருவர். 'பெண் என்றால் விட்டுவிடலாம்' என்று தகப்பனுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு.

திருச்சபைக்கு இக்கேள்வி புதிதன்று. பாரிஸ் நகரில் 1638-இல் புனித வின்சென்ட் தே பவுல் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணும் பணியைத் தொடங்கினார். குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே சென்றுவிடும் பெட்டிகள் ஐரோப்பிய இல்லங்கள் பலவற்றின் சுவர்களில் இருந்தன. காலப்போக்கில் அவ்வில்லங்கள் நிரம்பி வழிந்தன. பராமரிப்பின்றிக் குழந்தைகள் பெருமளவில் மடிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகள் அப்பெட்டிகளை மூடின. ஏற்கும் கை மட்டும் போதாது என்பதை வரலாறு கற்பித்தது.

விவிலியத்தின் முதல் தொட்டில் குழந்தை மோசே. அங்கே ஆணையால் சாக வேண்டியது ஆண்மகவு. இங்கே வழக்கத்தால் சாவது பெண்மகவு. கோரைப்பேழையில் குழந்தையை வைத்துத் தாய் ஆற்றோரம் விட்டாள். நாம் பேழையை நினைக்கிறோம்; சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காளை மறந்துவிடுகிறோம். பாரவோனின் மகள் குழந்தையை எடுத்ததும் அச்சிறுமி முன்வந்து, பாலூட்ட ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். பெற்ற தாயையே அழைத்து வந்தாள். அரசிளங்குமரி கூலியும் கொடுத்தாள். தாயிடமிருந்து பிரிந்த குழந்தை, பாதுகாப்போடும் ஊதியத்தோடும் அவள் மடிக்கே திரும்பியது. பேழை காத்தது உயிரை. அருகே நின்றவள் காத்தது உறவை.

உதவித் திட்டம் எதுவாயினும் இவ்விரண்டும் வேண்டும் என்பதே என் துணிபு. பெண் குழந்தைகளின் பெயரில் அரசு வைப்புநிதி செலுத்தும் திட்டம் நல்லது. ஆனால் ஆண்குழந்தை இருத்தலாகாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கொடுக்கும் கை நிபந்தனை எழுதும்போது, வாங்கும் தாயை எவரேனும் கேட்டார்களா? இதற்கு மாறாக, 1997-க்கும் 1999-க்கும் இடையே தருமபுரியில் டென்மார்க் உதவியோடு நடந்த நலவாழ்வுப் பணியில் தெருநாடகங்கள் ஊர்ஊராய்ச் சென்றன. தனியொரு தாயை நோக்கியன்று, ஊரையே நோக்கி அவை பேசின. மாமியாரும் கணவனும் கூட்டத்தில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

அரசைப் பற்றிப் பேசிவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. பேரம் முடிந்த பின்னரே நம்மில் பலர் ஓலை கொடுக்க வருகிறார்கள். வரதட்சணை வாங்கும் திருமணத்திற்கும் பீடத்தின்முன் நின்று நான் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்திருக்கிறேன். மகன் பிறந்தால் இனிப்போடு பங்குப்பணி இல்லத்திற்கு ஓடிவரும் தந்தை, மகள் பிறந்தால் திருமுழுக்கு நாளன்றுதான் வாய் திறக்கிறார். வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கச் செல்லும்போது அரிசி எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்கிறார்கள். மூன்றாவதும் பெண்ணாய்ப் பெற்றவள் இரவில் உறங்குகிறாளா என்று கேட்பதில்லை. கேட்கும்படி நானும் சொன்னதில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது, நன்றி கூறுவோம். ஆயினும் எஞ்சிய குறை எவர் வீட்டில் இருக்கிறது என்பதை எண்கள் சொல்வதில்லை. அருகே சென்று நிற்பவருக்கே அது தெரியும். அந்த மூதாட்டிக்கு நான் தரத் தவறிய விடை இதுவே: திரும்பிப் போகிறவளுக்கு வைக்கத்தக்கது பொருளன்று, ஆள். அந்த ஆளாக நிற்க நம் பங்கில் யார் முன்வருவோம்?