மூன்றாவது குத்து வேண்டாம்

நெருள் ஆஸ்பத்திரிகளில் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்காக எழுதியது.

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மிடம் வரும் அம்மாக்கள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "நரம்பே கிடைக்கலைன்னு குத்திக்கிட்டே இருந்தாங்க." அவர்கள் நரம்பு என்பது சிரையைத்தான். சர்க்கரை, டயாலிசிஸ், கீமோ, வருஷக்கணக்கான ஊசி என்று கைச்சிரையெல்லாம் கயிறாய்ப் போனவர்கள். கையில் வழியில்லாமல்தான் கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் வைக்கிறோம். அந்தச் சிரையை ஒட்டி மூளைக்கு ரத்தம் போகும் தமனி. சற்றே கீழே நுரையீரலின் முனை. அங்கே கை தடுமாறக் கூடாது.

இரண்டு முறை குத்தியும் சிரை கிடைக்காவிட்டால் ஊசியைக் கீழே வையுங்கள். உங்களைவிடத் தேர்ந்த கையைக் கூப்பிடுங்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ முயன்றால், ஒரே முயற்சியில் முடிந்ததைவிடச் சிக்கல் ஆறு மடங்கு என்று 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் எழுதியது. நான் இளைஞனாக இருந்தபோது, சீனியரை எழுப்பக் கூச்சப்பட்டு நான்காவது முறையும் குத்தினேன். நோயாளியின் நுரையீரலில் ஓட்டை விழுந்தது. அவர் பிழைத்தார். ஆனால் மார்பில் குழாயோடு அவர் படுத்துக்கிடந்த நாள்களுக்கு என் கூச்சம்தான் காரணம். ஜெர்மனியில் 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற டாக்டர் சிரை வழியாக இதயம் வரை குழாயைச் செலுத்தியபோது பணயம் வைத்தது தன் உடம்பை. நாம் வைப்பது நம்மை நம்பிப் படுத்திருப்பவரின் உடம்பை.

கண்ணால் பார்த்துக் குத்த வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கழுத்துச் சிரையில் குத்துவதே மேல் என்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2002-லேயே பரிந்துரைத்தது. இங்கேயோ, "மெஷின் ஸ்கேன் ரூமில் பூட்டிக்கிடக்கு, சட்டச் சிக்கல்" என்கிறார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்ப்பதைத் தடுத்துப் பெண்சிசுவைக் காக்க மகாராஷ்டிரம் 1988-இல் முதலில் கொண்டுவந்து, 1994-இல் நாடு முழுமைக்கும் ஆன சட்டம் அது. கண்டிப்பாக இருக்க வேண்டிய சட்டம்தான். ஆனால் ஐ.சி.யூ.வில் சிரை பார்க்க அது தடையில்லை. மெஷினை முறைப்படி பதிவு செய்யச் சொல்கிறது. அந்தக் காகித வேலைக்குச் சோம்பி ஒருவர் கழுத்தில் கண்ணை மூடிக் குத்துவது பாவம். நிர்வாகத்தில் இருப்பவர்களே, இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

லைன் உள்ளே போனதோடு வேலை முடியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் டாக்டர் பீட்டர் பிரோனோவோஸ்ட் ஐந்தே காரியங்களை வலியுறுத்தினார்: கை கழுவு, நோயாளியை முழுதும் மூடு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, தொடையைத் தவிர், தேவை முடிந்ததும் எடு. ஆயிரம் லைன் நாள்களுக்கு 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது என்று 2006-இல் வெளியானது. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் அங்கே நர்ஸுக்கு இருந்தது. இங்கும் சிஸ்டர் சொன்னால் நிறுத்துங்கள். முகம் சுளிக்காதீர்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களின் கைச்சிரைகளை நாளைய டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுக்காக விட்டுவையுங்கள். ரத்தம் எடுக்கப் புறங்கை போதும். காறையெலும்புக்குக் கீழே லைன் வைத்தால் அந்தச் சிரை சுருங்கி, அந்தப் பக்கத்துக் கையே டயாலிசிஸுக்கு உதவாமல் போகலாம்.

இன்றிரவு ரவுண்ட்ஸில் லைன் உள்ள ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, இது இன்னும் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டாமென்றால் இன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது மட்டமாகப் படுக்க வையுங்கள். உட்கார வைத்து உருவினால் சிரைக்குள் காற்றுப் புகுந்து உயிரே போகலாம்.