நனைந்த போர்வைக்கா பயம்?

2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கிறதா? இரணைமடுக்குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர். வடிந்த பிறகு வளவுகளில் கிடந்தவை சேறு குடித்த மெத்தை, கம்பளி, தலையணை. பொங்கலுக்கோ மூன்றரைக் கிழமைதான்!

“வோஷிங் மெஷின் இருந்தால் பார்க்கலாம்” என்று இன்றும் சொல்கிறோம். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வரும். 7 கிலோ மெஷின் என்றால் அது காய்ந்த துணியின் கணக்கு. தடித்த போர்வையைத் திணித்தால் தண்ணீர் நடுவுக்குப் போகாது. சவர்க்காரம் மடிப்பிலேயே தங்கும். இல்லாத மெஷினை நினைத்து ஏங்காதீர்கள், இருந்தாலும் அது தோற்றிருக்கும்! உங்களிடம் தறப்பாள் இருக்கிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து அதன் கீழே குடும்பம் நடத்தியவர்கள் நீங்கள். அதை வளவில் விரித்து, நாலு கரைக்கும் கீழே கல் வைத்து உயர்த்துங்கள். தொட்டி தயார்.

கிணற்றுத் தண்ணீரில் நுரை வரவில்லையா? சவர்க்காரத்தைக் கொட்டாதீர்கள். முதலில் ஒரு பிடி சலவைச் சோடாவைக் கரையுங்கள் (கம்பளிக்கு வேண்டாம், மயிர் கெட்டுவிடும்). பிறகு இறங்கி மிதியுங்கள்! சூடு மிதித்த மண் இது. ஒரு போர்வை எம்மாத்திரம்?

தூக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறோம். நனைந்த பருத்தி தன் எடையைவிட அதிகமாகத் தண்ணீர் சுமக்கும். அதோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? தறப்பாளின் ஒரு கரையைத் தாழ்த்துங்கள். போர்வையைச் சுருட்டி மேலே ஏறி நில்லுங்கள். அரைமணி நேரம் அப்படியே விடுங்கள், தண்ணீர் தானாக இறங்கும். மிச்சத்தைப் பிழிய இரண்டு பேர் வேண்டும், மகனைக் கூப்பிடுங்கள். தோய்ப்பது பொம்பிளை வேலை என்று முதலில் சொன்னவன் ஈரக் கம்பளியைத் தூக்கிப் பார்த்திருக்கவே மாட்டான்.

இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் ஊறவைக்காதீர்கள், கட்டிபட்டுப் போகும். உறையைக் கழற்றித் தோய்த்து, பஞ்சை வெயிலில் பரப்பி உதறுங்கள். மலசலகூடக் குழி கலந்த வெள்ளத்தில் ஊறியதென்றால் தயங்காமல் எறியுங்கள். வீடு வாசலையே விட்டுப்போய்த் திரும்பிவந்து கட்டியெழுப்பியவர்களுக்கு ஒரு மெத்தை பெரிதா?

காயப்போடுவதிலும் சூட்சுமம் உண்டு. ஒரே கொடியில் இரட்டையாகத் தொங்கினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, மேலால் விரித்துப்போடுங்கள். காற்று உள்ளே நுழையட்டும். சோளகம் விறுவிறென்று உலர்த்தும், ஆனால் செம்மண் புழுதியையும் கொண்டுவந்து அப்பும். சோளகம் வீசும் மாதங்களில் வீட்டின் வடகிழக்கு மறைவில் கட்டுங்கள். தையிலோ பனி விழ முதல், நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.

நாளைக்கு வெயில் எறித்தால் ஏழு மணிக்கே தறப்பாளை விரியுங்கள். மகன் இன்னும் எழும்பவில்லையா? அவன் போர்த்தியிருப்பதையே முதலில் உருவுங்கள்!