அடிமர மேசை

சனிக்கிழமை. மாலை ஐந்தரை.

நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடையின் மாடி. தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. ஆறு நாற்காலிகள். ஜெர்மன் பேசிப் பழகக் கூடுகிறோம். இன்னும் யாரும் வரவில்லை.

மேசைமேல் கையை வைக்கிறேன். சூடாக இருக்கிறது. வெயில் போன பிறகும்.

*

ஷ்டாம்டிஷ். இப்படிக் கூடுவதற்கு ஜெர்மன் மொழியில் பெயர். அந்த ஊர் மதுக்கடைகளில், வழக்கமாக வருகிறவர்களுக்கென்று விட்டுவைக்கும் மேசை.

டிஷ் என்றால் மேசை. ஷ்டாம் என்றால் அடிமரம். குலம் என்றும் பொருள். இலக்கணத்தில், சொல்லின் பகுதிக்கும் அதுவே பெயர்.

கிளை இங்கே இருக்கிறது. அடிமரம் கீழே, தெருவில்.

*

வருகிறார்கள். "கூட்டன் ஆபெண்ட்." ஹெல்மெட்டைத் தரையில் வைக்கும் ஓசை. நாற்காலி இழுபடும் ஓசை.

பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை. எல்லோரும் முதல் வாக்கியத்தை மனதுக்குள் அடுக்குகிறோம்.

தமிழில் இவர்களோடு இப்படி உட்கார்ந்திருக்க முடியாது. யாராவது எதையாவது பேசிவிடுவோம்.

*

தட்டில் மூன்று பொருள்கள்.

கரண்டி, ஆண். முள்கரண்டி, பெண். கத்தி, இரண்டும் இல்லை.

டேர் லோஃபெல். டீ காபெல். டஸ் மெஸ்ஸர்.

உயர்திணை, அஃறிணை என்று பழகிய நாக்கு கரண்டியின் முன்னால் தயங்குகிறது.

*

டஸ் கிண்ட். குழந்தை. அங்கேயும் 'அது'தான்.

குழந்தை தூங்குது.

இந்த ஓரிடத்தில் தயக்கம் இல்லை.

*

எதிரே ஒரு செவிலிப் பெண். பி2 தேர்வுக்குப் படிக்கிறாள். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைக்க வேண்டும். இரவுப் பணி முடித்து, தூங்கி எழுந்து வந்திருக்கிறாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

நோட்டுப் புத்தகத்தில் வலிகளை எழுதிவைத்திருக்கிறாள்.

ஷ்டெஹெண்ட். குத்துகிற வலி.
ப்ரெனெண்ட். எரிகிற வலி.
ட்சீஹெண்ட். இழுக்கிற வலி.

மூன்றாவதைச் சொல்லும்போது அவள் கை தானாக முழங்காலின் பின்பக்கம் போகிறது.

*

"வோ ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸன்?"

எங்கே வலி. சொல்லுக்குச் சொல் பார்த்தால், எங்கே வலிகளை வைத்திருக்கிறீர்கள்.

தமிழில் வலியை யாரும் வைத்திருப்பதில்லை. எனக்கு வலிக்கிறது. 'நான்' அதில் எழுவாய் இல்லை. 'எனக்கு' மட்டும், சற்றுத் தள்ளி நிற்கிறது.

ஆனால் குளிர் வேறு. "மீர் இஸ்ட் கால்ட்." எனக்குக் குளிர்கிறது. அதே நான்காம் வேற்றுமை. அதே தள்ளி நிற்றல்.

அவள் இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். தேர்வுக்காக மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. யாரோ ஒரு கிழவர் அந்த மருத்துவமனைக் கட்டிலில் ஏற்கெனவே படுத்திருக்கிறார்.

*

மின்விசிறி. காகிதக் கைக்குட்டை ஒன்று எழும்பி விழுகிறது.

*

ஜெர்மனில் ஓர் ஒலி. 'ஊ' போல இருக்கும், ஆனால் 'ஊ' இல்லை. நாக்கை 'ஈ'க்கு வைத்து உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை.

யாரோ டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேசைமேல் எழுதிக் காட்டுகிறார். வளைவு. மேலே இரண்டு புள்ளி.

ஆறு உதடுகள் குவிகின்றன.

புள்ளிகள் முதலில் காய்கின்றன.

*

1706. தரங்கம்பாடி. கப்பலில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ எழுதுகிறார். வளர்ந்த ஆள். ஏற்கெனவே படித்தவர்.

அந்த விரலை நினைத்துக்கொள்கிறேன். மணல் நகக்கண்ணில் ஏறியிருக்கும்.

1713இல் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் அவருக்குக் கடல் கடந்து வருகின்றன. தமிழ் பேசாத ஊரில், உலையின் முன், யாரோ ஒருவர் ழகரத்தின் வளைவை ஈயத்தில் பார்த்திருக்கிறார்.

1719இல், 36 வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே இறந்துபோகிறார்.

*

ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு பெண், தமிழ் படிக்கிறாள். 'கிழமை' என்கிறாள். கிளமை. கிலமை. கிழமை.

கடைசியில் சொன்னது அவளுக்கே கேட்டுவிட்டது. கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறாள். யாரும் கைதட்டவில்லை. நல்லது.

*

வெள்ளைத் தலைமுடிப் பெரியவர். சென்னை ஐஐடியில் படித்தவர். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் அது தொடங்கியது. அவர் சேர்ந்தபோதும் பட்டறையில் ஜெர்மன்காரர்கள் இருந்திருக்கிறார்கள். இரும்பில் அரம் போடக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன ஒரே ஒரு சொல் இன்னும் அவரிடம் இருக்கிறது.

"லாங்ஸாம்."

மெதுவாக.

சொல்லிக்கொண்டே காற்றில் அரம் போடுகிறார். மணிக்கட்டு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறது. வேகம் இல்லை. தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது இல்லை.

*

காபி வருகிறது. டபரா சுடுகிறது. நுரையில் ஒரு குமிழி, உடையாமல்.

1908. டிரெஸ்டன். மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளைகள் போடுகிறாள். மகனின் பள்ளி நோட்டிலிருந்து மைஒற்றுத்தாளைக் கிழித்து உள்ளே வைத்து, காபி வடிக்கிறாள்.

பித்தளை. துளைகள். சொட்டு.

அம்மா வீட்டு ஃபில்டர். அடுப்பு நெருப்பில் காட்டி, அடைத்த துளைகளை அவள் திறந்த காலை நேரங்கள்.

*

பெரியவர் செல்பேசியில் ஒரு பழைய பக்கத்தைத் திறக்கிறார். கார்ல் கிரவுலின் ஜெர்மன் குறள், 1856. ஒன்றை மெல்ல வாசிக்கிறார்.

எந்தக் குறள் என்று தெரியவில்லை. காது ஏழு சீரைத் தேடுகிறது. கிடைக்கவில்லை.

திரும்ப வாசிக்கிறார்.

இப்போது யாரும் தேடவில்லை.

*

'வைல்' என்று ஒரு சொல். ஏனென்றால். அது வந்துவிட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

நமக்குப் பழகிய இடம். அங்கே போய் உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது.

*

இருட்டுகிறது. மரம் இலைகளை மூடிக்கொண்டிருக்கிறது. எப்போது தொடங்கியது என்று யாரும் பார்க்கவில்லை.

*

பக்கத்துத் தெருக்களில் ஒன்றில், ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன். ஆட்டோக்காரர்களுக்கும் தெரிந்த பெயர். அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து ரிக்வேதத்தைப் பதிப்பித்தார்.

ஒரு மொழியைத் தூரத்திலிருந்தே வாழ்நாள் முழுக்க.

இந்த மேசையிலும் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போனதில்லை.

*

பில் வருகிறது. 747 ரூபாய்.

ஜெர்மனில் ஒன்றின் இடம் முந்தி, பத்தின் இடம் பிந்தி. எழுநூற்று, ஏழும்...

நாற்பது வரும்வரை எல்லோரும் சொல்பவர் வாயைப் பார்க்கிறோம்.

*

மேசையில் ஆறு டபராக்களின் ஈர வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் கருமை கூடுதல்.

பையன் துணியோடு வருகிறான்.

*

படி இறங்குகிறோம். செவிலிப் பெண் முன்னால். அவள் உதடு இன்னும் அசைகிறது.

ஷ்டெஹெண்ட். ப்ரெனெண்ட்.

மூன்றாவது, பஸ் ஹார்னில் கேட்கவில்லை.