வக்புத் தண்ணீர்

எங்கள் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகசபைக்கு மரைக்காயராக என்னைப் போட்ட பிறகு பள்ளிவாசலின் தண்ணீர்ப் பில் என் கைக்குத்தான் வருகிறது. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், மீற்றர் வாசிக்கத் தெரியும் என்று நிர்வாகசபை நினைத்திருக்க வேண்டும். ஜும்ஆவுக்கு முன்னால், தொழுகைக்காக முகம் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் நின்று பார்த்தால் பில் ஏறும் காரணம் புரியும். பைப்பைத் திறந்துவிட்டுத்தான் சட்டைக் கையை மடிக்கிறார்கள். தொப்பியைக் கழற்றிச் சுவரில் வைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இந்தப் போகம் நெல் என்ன விலை போகிறது என்று விசாரிக்கிறார்கள். தண்ணீர் அதன்பாட்டில் ஓடுகிறது.

ஒருநாள் என்னிடம் படித்த பையன் ஒருவனிடம் மெதுவாகச் சொன்னேன். மரியாதை குறையாமல்தான் பதில் சொன்னான்: "தண்ணி வந்துக்கிட்டுத்தானே இரிக்கி சேர்? நான் பூட்டினா மட்டும் என்ன மிஞ்சப் போகுது?"

இது குதர்க்கம் இல்லை. தட்டுப்பாடு இல்லாத இடத்தில் விரயம் என்று ஒன்று இருக்க முடியுமா? ஒருவன் மிச்சம் பிடிப்பதால் உலகத்தில் எதுவும் மாறாதென்றால் அந்த மிச்சத்துக்கு என்ன பெறுமதி? சூழல் பற்றிய பேச்சுகள் எல்லாம் கடைசியில் வந்து முட்டும் சுவர் இதுதான்.

வுழூவில் தண்ணீரை அள்ளி இறைத்த ஸஃத் என்ற தோழரிடம் நபியவர்கள் இது என்ன விரயம் என்று கேட்டதாகவும், வுழூவிலுமா விரயம் என்று அவர் வியந்தபோது, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அப்படித்தான் என்று பதில் வந்ததாகவும் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள், மறைக்கத் தேவையில்லை. நபியவர்கள் ஒரு முத்துத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது, அதில் யாருக்கும் தகராறு இல்லை. முத்து என்பது நடுத்தர ஆள் ஒருவரின் இரண்டு கையும் சேர்ந்த கொள்ளளவு. கடையில் வாங்கும் அரை லீற்றர் போத்தலும் இன்னும் கொஞ்சமும். எங்கள் பைப்பின் கீழே ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். முகம் கழுவி முடிவதற்குள் அந்த அளவு எங்கேயோ தாண்டிப் போய்விட்டது.

ஆற்றங்கரை என்று சொன்னதில்தான் பையனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆற்றில் அள்ளியது ஆற்றிலேயே விழும். ஒரு சொட்டுக்கூடக் குறையாது. அங்கேயும் விரயம் விரயம்தான் என்றால், பார்க்கப்படுவது ஆற்றின் கணக்கு இல்லை, அள்ளுகிறவனின் கணக்கு. மிச்சம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முன்னால், தேவைக்கு மேல் எடுக்கும் ஆளாக நீ இருக்கிறாயா என்ற கேள்வி வந்து நிற்கிறது.

பள்ளிவாசலில் இது இன்னும் இறுகுகிறது. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் தண்ணீரை வீணாக்குவது பொதுவாக மக்ரூஹ், வெறுக்கத்தக்கது. ஆனால் வுழூவுக்கென்று வக்பு செய்த, அதாவது பொதுவுக்கு அர்ப்பணித்த தண்ணீரில் மூன்று தடவைக்கு மேல் கழுவுவது ஹறாம். மதரசாக்களில் ஓதிக் கொடுக்கும் பத்ஹுல் முஈனிலேயே இந்தச் சட்டம் இருக்கிறது. பொன்னானி மக்தூம் அந்த நூலை எழுதியபோது தண்ணீர் ஹவுள் என்ற தொட்டியில் இருந்தது, கோப்பையால் மொண்டார்கள், எவ்வளவு எடுத்தோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் ஹவுளை மூடி மாபிள் பதித்துப் பைப் வரிசை வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் குறைவதே இல்லை என்பதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. பைப்பில் வருவது மேற்கே கொண்டவட்டுவான் குளத்தில் எடுத்துச் சுத்திகரித்த நீர். எங்கள் காலடியில் இருப்பது மணலுக்குள் தேங்கிய மழைநீர். அதன் அடியில் கடல்நீர் கிடக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது. மேலிருந்து மோட்டர் போட்டு அதிகம் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு எழும்பி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். கடல் ஏறிய கிணறுகளைச் சுத்தமாக்குவதென்று ஆளுக்காள் இறைத்துத் தள்ளினார்கள். அளவுமீறி இறைத்த இடங்களில் உவர் கூடியது. பிறகுதான் நிபுணர்கள் வந்து, இறைக்காதீர்கள், மழைக்கு விடுங்கள் என்றார்கள்.

சரி, தனிமனிதன் அடங்கினால் போதுமா? போதாது. எங்கள் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அலைதாங்கிச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் வடக்கே கரை அரிந்து தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. ஒலுவிலார் அத்தனை பேரும் ஒரு முத்துத் தண்ணீரில் வுழூச் செய்திருந்தாலும் ஒரு தென்னை மிஞ்சியிருக்காது. தனிமனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் திட்டம் போட்டவர்களை மறந்துவிடும் உபதேசம் எனக்குப் பிடிக்காது.

தனிமனிதனின் பொறுப்பையும் ஊரின் பொறுப்பையும் பிரிக்க எங்களிடம் பழைய பாகுபாடு ஒன்று இருக்கிறது. தொழுகை பர்ழு ஐன், ஆளாளுக்குக் கடமை. ஜனாஸாவை அடக்குவது பர்ழு கிபாயா: சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. தேவைக்கு மேல் எடுக்காமல் இருப்பது முதலாவது வகை. குப்பையைக் கொண்டுபோய் எங்கே போடுவது என்பது இரண்டாவது வகை. பள்ளக்காட்டுக் குப்பைமேடு நம் கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேரும் இடம். 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் இருபது யானைகள் அளவில் பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததாகச் சொன்னார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் போன ஹதீஸை மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கறி ஒட்டிய சொப்பிங் பேக்கைத் தின்ற யானைக்கு யார் பதில் சொல்வது? பேக்கில் யாருடைய பெயரும் இல்லை. அதனால்தான் அது கிபாயா.

கந்தூரிச் சோற்றைச் சஹன் என்ற பெரிய தட்டில் வைத்து ஆறு பேர் சுற்றியிருந்து தின்ற காலத்தில் எறிவதற்கு எலும்பு மட்டும்தான் மிஞ்சும். இப்போது நோன்புக் கஞ்சியும் பேக்கில், மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பையில். 2017 செப்டம்பரில் அரசாங்கம் சோறு சுற்றும் பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டைத் தடைசெய்தபோது சட்டம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். சஹன் எங்களிடம் ஏற்கெனவே இருந்ததை யாரும் சொல்லவில்லை.

போன கூட்டத்தில், அழுத்தினால் கொஞ்சம் வந்து தானாக நிற்கும் பைப் பூட்டலாம் என்றேன். செலவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் மௌலவி வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அமல் எல்லாம் நிய்யத்தக் கொண்டுதானே சேர்? பைப் சிக்கனம் புடிச்சா கூலி பைப்புக்கா?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நிய்யத் என்ற எண்ணத்தைப் பற்றி அவர் கேட்டது நியாயமான கேள்வி. நல்ல மனிதனாக ஆவதும் கெட்டது நடக்காமல் தடுப்பதும் வேறு வேறு. பைப் யாரையும் நல்லவனாக்காது. நான் அவருடைய கிதாபிலிருந்தே எடுத்துச் சொன்னேன்: வுழூவுக்கு நிய்யத் வேண்டும், நஜீஸை நீக்க நிய்யத் வேண்டாம். மழை பெய்து உடுப்பிலிருந்த நஜீஸ் போனாலும் உடுப்பு சுத்தம்தான். வக்புச் சொத்து கரைவதைத் தடுப்பது எந்த வகை ஹஸ்ரத்?

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பொருளாளர் அதற்குள் பைப் ஒன்று என்ன விலை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.