கூடை திறந்தே இருக்கிறது

ஒரு வாரமாக நான் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயால் அல்ல, ஒரு பிரம்புக் கூடையால். அதை நம்பிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டுப் பூனை.

அதற்கு ஜமீன்தார் என்று பெயர். வயது பத்து. பெயருக்கேற்ற சரீரம் இருந்தது. இப்போது பாதிதான் மிச்சம். ஓயாமல் தண்ணீர் குடித்தது. மணல் தட்டு எப்போதும் நனைந்தே கிடந்தது. எவ்வளவு போட்டாலும் தின்றது, ஆனாலும் இளைத்தது. மதில் மேல் நடந்த பிராணி, பின்னங்கால் குதி தரையில் படியத் தேய்த்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பார்த்த மிருக வைத்தியர், "சர்க்கரை வியாதி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருஷமாக எனக்கும் அதுதான்! பருத்த, வயதான, காயடித்த ஆண் பூனைகளுக்கே இது அதிகம் வரும் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றது. பருக்க வைத்தது என் கைதானே?

அன்றிலிருந்து இரண்டு வேளையும் இன்சுலின். நாளைக் காலை மறுபரிசோதனை.

முதல் தடவை அழைத்துப்போன விதத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. மீன் துண்டைக் காட்டிக் கூப்பிட்டேன். நம்பி வந்தது. சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். ஆட்டோவில் அது போட்ட ஓலத்தைக் கேட்டு, டிரைவர் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பூனை விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பயந்தால் அதன் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். வியாதி இல்லாத பூனைக்குக்கூட ஏறும். அந்தக் கணக்கைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், வீடு திரும்பிப் பயம் தெளிந்ததும் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். தள்ளாட்டம், வலிப்பு, சில சமயம் மரணம். இதனால்தான் வைத்தியர், சென்ற இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்தார். ஒரு நாள் பயத்துக்கு அது அசையாதாம். நான் செய்த மோசடி அதன் ரத்தத்திலேயே பொய்க் கணக்காக ஏறுகிறது என்பதை அன்று அறிந்தேன்.

ஆகவே இந்த முறை வேறு ஏற்பாடு. கூடத்தில் கூடையைத் திறந்து வைத்து, என் பழைய வேஷ்டியை உள்ளே விரித்தேன். முதலில் சாப்பாடு கூடைக்குப் பக்கத்தில்; பிறகு வாசலில்; பிறகு உள்ளே. நாலாம் நாள் ஜமீன்தார் அதில் படுத்துத் தூங்கினார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, குடித்த தண்ணீர், தின்ற உணவு, ஊசி போட்ட நேரம் எல்லாம் எழுதுகிறேன். காது ஓரத்தில் ஒரு குத்து குத்தி, வீட்டிலேயே எடுத்த சர்க்கரை அளவும் இருக்கிறது. எடை பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று என் எடையைக் கழிக்கிறேன். இதில் எனக்குத்தான் மனக்கஷ்டம். மருந்துக் குப்பியையும் ஊசியையும் கொண்டுபோகப் போகிறேன். 40 யூனிட் மருந்துக்கு 40 குறியிட்ட ஊசிதான் வேண்டும். என் இழுப்பறையில் இருப்பதோ 100. மாறிவிட்டால் அளவே தப்பிப்போகும். பட்டினி போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், வழக்கம்போலச் சாப்பாடும் ஊசியும் கொடுத்து, நேரத்தைக் குறித்து வாருங்கள்" என்றார்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தபோது என் பேத்தி சொன்னாள்: "தாத்தா, சாக்குல போட்டது அஞ்சு நிமிஷம் ஏமாத்தினது. இது ஒரு வாரமா ஏமாத்துறது."

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறாரே என்றேன். "யாருக்கு நன்மை?" என்றாள். பள்ளிக்கூடத்தில் இப்படியெல்லாம் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா, தெரியவில்லை.

கேள்வி என்னை விடவில்லை. 1921இல் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை அறுத்தெடுத்து, அவற்றுக்குச் சர்க்கரை வியாதியை உண்டாக்கித்தான் இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அந்த நாய்களையும் யாரோ தடவிக்கொடுத்துத்தான் மேஜைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அவற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்தக் கடனில் நான் பிழைத்திருக்கிறேன். நன்மை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மன்னித்துவிட எனக்குத் துணிவில்லை.

ஜமீன்தார் விஷயத்தில் பலன் அதற்கே. சீக்கிரம் சிகிச்சை தொடங்கிய சில பூனைகள் ஊசியே வேண்டாத நிலைக்குத் திரும்புவதும் உண்டாம். ஆனால் அது நன்மை என்று தீர்மானித்தது நான். குழந்தைக்கு ஊசி போட்டால், வளர்ந்த பிறகாவது, "ஏனப்பா செய்தாய்?" என்று கேட்கும், பதில் சொல்லலாம். பூனை கேட்காது. மீனைக் காட்டினால் இப்போது வருவதில்லை, அவ்வளவுதான்.

நாளை திரும்பி வந்ததும் கூடையைப் பரணில் ஏற்றப்போவதில்லை. அதே மூலையில், அதே வேஷ்டியோடு, திறந்தே இருக்கும். வேண்டுமானால் படுக்கட்டும், வேண்டாவிட்டால் போகட்டும். பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்பவும் மூடினது மூடினதுதானே" என்று போய்விட்டாள்.

இரவு மணி பத்து. கூடைக்குள் குறட்டை கேட்கிறது. மூடியும் கயிறும் பக்கத்தில் இருக்கின்றன. "காலையிலே மூடியை நீ போட்டுவிடேன்" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பழக்கினது நீங்கதானே? நீங்களே மூடுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.