பாதியைக் கொல்லும் பகுத்தறிவா?

‘நான் மதிக்கும் ஒருவர்’ என்று தலைப்புத் தந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கட்டுரை எழுதச் சொன்னோம். அன்னையை எழுதினர் பலர். அறிவியல் மேதைகளை எழுதினர் சிலர். ஒருவன் மட்டும் தானோசை எழுதி வந்தான். ஆம், தோழர்களே! அண்டத்து உயிர்களில் பாதியை ஒரே விரற்சொடுக்கில் ஒழித்த அதே தானோசைத்தான்! விளையாட்டுக்கு எழுதினானோ என்று பார்த்தோம். இல்லை. வாதம் இருந்தது, வரிசை இருந்தது, பிழையற்ற தமிழும் இருந்தது. உண்போர் பெருகுகின்றனர், உணவு பெருகவில்லை. எல்லோரும் மடிவதைவிடப் பாதிப்பேர் மடிவது மேல். அதையும் ஏழை என்றும் செல்வன் என்றும் பாராது செய்தான். இதில் தவறென்ன — என்று கேட்டு முடித்திருந்தான்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்தோம்; கை ஓடவில்லை. வெட்கத்தை விட்டே சொல்கிறோம்: 2018ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கல்லூரி மாணவராய்க் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, நம் நெஞ்சிலும் அதே கேள்விதான் இருந்தது.

‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ நல்ல படம். அதை மறைப்பானேன்? 2008இல் ‘அயர்ன் மேன்’ தொடங்கிப் பதினெட்டுப் படங்களில் நமக்குப் பழக்கிவைத்த வீரர்களை, பத்தொன்பதாவது படத்தில் ஒரே பகைவனுக்கு எதிரே நிறுத்தினர் ரூசோ உடன்பிறப்புகள். வாகண்டாவின் போர்க்களத்தில், அணி தளர்ந்து தடுமாறும் வேளையில், வானம் பிளந்து மின்னலோடு தோர் வந்திறங்கினான். கொட்டகையின் கூரை பறந்ததோ என ஐயுற்றோம்! அதே கொட்டகை, சிறுவன் பீட்டர் பார்க்கர் ஸ்டார்க்கின் கைகளிலே துகளாய் உதிர்ந்தபோது, மூச்சுவிடவும் மறந்தது. வெற்றியே கண்டு பழகிய வீரர்களைத் தோற்கவிட்டு, விளக்கைப் போட்டு, போய்வாருங்கள் என்றார்களே, அந்தத் துணிவை இன்றும் பாராட்டுகிறோம்.

ஆனால், வெளியே வந்த இளைஞரின் நாவில் நின்ற பெயர் தோர் அன்று, ஸ்டார்க் அன்று. தானோஸ்! ஏன்? அவன் அரியணை கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, கணக்குச் சொன்னான். கணக்குச் சொல்பவனைக் கண்டால், ஏன் எதற்கு என்று கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு மயக்கம் உண்டு. கடவுளின் பெயரால் கத்தி தூக்குபவனை வாயிலிலேயே அடையாளம் காண்கிறோம். கணக்கின் பெயரால் கத்தி தூக்குபவன் வந்தாலோ, நாற்காலி போட்டு அமரச் சொல்கிறோம்!

சரி, கணக்குத்தானே, போட்டுப் பார்ப்போம். 2018இல் உலக மக்கள் தொகை ஏறத்தாழ 760 கோடி. அதில் பாதி 380 கோடி. உலகில் 380 கோடிப் பேர் வாழ்ந்தது எப்போது? கற்காலத்திலா? இல்லை, 1970களின் தொடக்கத்தில்! இத்தனை பிணக்குவியலின் மேலேறி நின்று அவன் நமக்கு வாங்கித் தந்தது ஐம்பது ஆண்டும் நிரம்பாத தவணை. அதன்பின்? மறுபடி ஒரு சொடுக்கா? பாதி உயிர்கள் என்றானே, உண்ணும் உயிரோடு உண்ணப்படும் உயிரும் பாதியாய்ப் போயின என்றால், இருப்பவருக்குப் பங்கு எங்கே கூடிற்று? பாதியோடும் நிற்கவில்லை. ஓட்டுபவர் மறைந்த உலங்கூர்தி கட்டடத்தில் மோதி வெடிப்பதைப் படத்தின் இறுதித் துணுக்கிலே காட்டுகிறார்கள். குலுக்கலில் தப்பியவரும் அதிலே மாண்டிருப்பர்.

1960களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் பெருகிய மக்கள் தொகை, இன்று 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பெருகுகிறது. அன்று உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து குழந்தைகள். இன்று இரண்டுக்குச் சற்றே மேல். எந்த அரக்கன் செய்தான் இதை? சிறுமியர் பள்ளிக்குப் போயினர். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி தாய்க்கு வந்தது. கருத்தடை கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது. ஓர் உயிரும் போக்காமல் நடந்த மாற்றம் இது. படமெடுக்கத்தான் ஏற்றதன்று, சிறுமி ஒருத்தி புத்தகப் பையோடு நடந்து போவதைக் காட்டினால் கொட்டகைக் கூரை பறக்காது.

தானோசின் கணக்கு அவன் சொந்தச் சரக்கும் அன்று. உணவு பெருகும் வேகத்தினும் மக்கள் பெருகும் வேகம் மிகுதி என்று 1798இல் எழுதினார் மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலரைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில், 1805 முதல் அவர் ஆசிரியர். அக்கல்லூரியிலே பயின்றவர்களுள் ஒருவர் சார்லஸ் டிரெவிலியன். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை நோய் தாக்கியபோது, இலண்டன் கருவூலத்திலிருந்து துயர்துடைப்புப் பணியை நடத்தியவர் அவரே. பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர். மக்களோடு தானியமும் கப்பலேறிற்று என்பதுதான் கொடுமை! விளைந்த தானியம் துறைமுகம் வழியே வெளியேறிக் கொண்டிருந்தது. வாங்கக் காசற்றவர் வழியோரம் விழுந்து கொண்டிருந்தனர். அந்தப் பஞ்சத்திலே இறைவனின் ஏற்பாட்டைக் கண்டு, 1848இல் நூலே எழுதினார் டிரெவிலியன். கணக்கிலே தொடங்கிய வாதம் கடவுளிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தீர்களா? (இதே டிரெவிலியன் 1859இல் சென்னைக்கு ஆளுநராகவும் வந்து அமர்ந்தார்.)

இனி, இரசிகர் என்ற உரிமையில் ஒரு செய்தி. தானோஸ் பிறந்தது 1973இல், ஜிம் ஸ்டார்லின் என்னும் சித்திரக்கதை ஓவியரின் கையிலே. 1991இல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ சித்திரக்கதையிலும் அவன் விரலைச் சொடுக்குகிறான். பாதி உயிர்கள் மறைகின்றன. காரணம் என்ன? பஞ்சமா, பற்றாக்குறையா? இல்லை. சாவு என்பவள் அக்கதையில் ஒரு பெண்ணுரு; அவள்மீது இவனுக்குக் காதல்; அவள் முகம் மலர வேண்டும் என்பதற்காகக் கொன்றான்! கொலை 1991இலேயே முடிந்துவிட்டது, தோழர்களே; காரணத்தைத்தான் 2018இல் அளவெடுத்துத் தைத்துப் போட்டார்கள். கதை சொல்வோர் அப்படிச் செய்யலாம். படம் அதனால் சிறந்தது என்றே சொல்வோம். ஆனால் அந்தச் சட்டையைக் கண்டு அது உடம்பென்று நாம் நம்பினோமே, அதுதான் உறுத்துகிறது. காரணத்தின் கைபிடித்து முடிவுக்குப் போகிறவன் ஒருவன். முடிவை மடியிலே கட்டிக்கொண்டு காரணம் தேடுகிறவன் வேறொருவன். இருவரும் பேசுவது ஒரே மொழி. எப்படிப் பிரித்தறிவது?

படத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. தானோஸ் தன் கணக்கை விரிக்கும்போது, அவன் எடுத்து வளர்த்த காமோரா சொல்கிறாள், அது உனக்குத் தெரியாது என்று. அவனோ, எனக்கு மட்டுமே தெரியும், செய்து முடிக்கும் உரமும் எனக்கு மட்டுமே உண்டு என்கிறான். கணக்கறிந்தவன் பேச்சா இது? கணக்கறிந்தவன், இதோ ஏடு, நீயும் போட்டுப் பார் என்பான். எனக்கு மட்டும் அருளப்பட்டது என்பவனை நாம் வேறு பெயரிட்டு அழைப்போம் அன்றோ? சான்றாக அவள் பிறந்த கோளையே காட்டுகிறான்: பாதியைக் கொன்றேன், இன்று அங்கே பிள்ளைகள் வயிறார உண்கின்றனர் என்று. ஆனால் 2014இல் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தில், தன் இனத்தில் எஞ்சியவள் காமோரா ஒருத்தியே என்று சிறைக்குறிப்பு சொல்கிறது! எடுத்தவர்கள் மறந்தார்களோ, இவன் பொய் சொன்னானோ, நாம் அறியோம். இரண்டாவதையே நம்ப விரும்புகிறோம்.

அணியிலே அறிவாளிக்குப் பஞ்சமில்லை: ஸ்டார்க் பொறியியலார், பானர் அறிவியலார், ஸ்ட்ரேஞ்ச் மருத்துவர். இனப்படுகொலை என்று ஸ்ட்ரேஞ்ச் பெயரிடுகிறார், அதோடு சரி. உன் கணக்குத் தவறு என்று இவர்களுள் ஒருவரும் சொல்லவில்லை. படத்தின்மேல் நமக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுவே. வாதத்துக்கு வாதம் வைக்காமல் குத்துக்குக் குத்து வைத்தார்கள். குத்திலே தோற்றதும், வாதத்திலும் தோற்றதாய் இளைஞர் எடுத்துக்கொண்டனர்.

கணக்குச் சரியாகவே இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நாம் கோழைகள். தன் நெற்றிக் கல்லை உடைத்து என்னைப் போக்கிவிடுங்கள் என்று விஷன் தானே முன்வருகிறான். உயிரை உயிருக்கு விலையாகத் தருவதில்லை என்று ஸ்டீவ் ரோஜர்ஸ் மறுக்கிறான். தானோசோ மலையுச்சியிலிருந்து மகளைத் தள்ளுகிறான், கதறுகிறாள் அவள், கண்ணீர் வடிக்கிறான் அவன். கொட்டகையில் நாம் இரங்கியது யாருக்கு? அவனுக்கு! விழுந்தவளை விட்டுத் தள்ளியவனுக்காக உருகினோம். கண்ணீர் உண்மையாகவே இருக்கட்டும். தள்ளிய கை யாருடையது? விஷன் தந்தது தன் உயிர். இவன் தந்தது அவள் உயிர். ஆயினும், அந்த ஒரு விஷனைக் காக்க வாகண்டா வீரர் எத்தனை பேர் மாண்டனர்? அவர்கள் தாமே விரும்பி நின்றனர் என்றும் சொல்லலாம். அரசன் ஆணைக்கு நின்றனர் என்றும் சொல்லலாம். இவ்விடத்தில் நமக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணே இட்டோம். ஓரத்தில், ‘380 கோடிப் பேர் வாழ்ந்த ஆண்டு எது?’ என்று மட்டும் எழுதித் தந்தோம். மூன்றாம் நாள் ஆண்டைக் கண்டுபிடித்து வந்தான். முகம் சற்றே வாடியிருந்தது. வந்தவன் வேறொரு கேள்வியையும் கொண்டுவந்தான்: “கல் ஆறும் கையில் இருந்தனவே ஐயா, ஆளைப் பாதியாக்கியதற்குப் பதில் உணவை இரட்டிப்பாக்கியிருக்கலாமே? ஏன் செய்யவில்லை?”

2019இல் வந்த அடுத்த படத்தை நினைவூட்டினோம். இழந்தவரை மறக்க மறுத்து, மீட்கவும் துணிகிறார்கள் எஞ்சியவர்கள் என்று அறிந்ததும், தானோஸ் தன் கணக்கையே மாற்றுகிறான் அல்லவா? அண்டம் முழுவதையும் அழித்து, தனக்கு நன்றி பாராட்டும் புதிய அண்டம் படைக்கப் போவதாகச் சொல்கிறான் அல்லவா? அப்போது அவன் வாயில் உணவைப் பற்றி ஏதேனும் பேச்சு உண்டா என்று கேட்டோம். மாணவன் சற்று நேரம் நின்றான். மணி அடித்தது. இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.